சீடனா, மகனா: மடங்கள் அரசான கதை
(லக்ஷ்மிபாய் நகர், புதுதில்லியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு மடம் எப்படி அரசாகிறது? இன்றைய பேச்சு இதுதான். ஜெர்மன் நாட்டில் ஆயர்களும் துறவி வீரர்களும் ஆண்ட சின்னஞ்சிறு நாடுகள் நிறைய இருந்தன. 16ஆம் நூற்றாண்டு தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளுக்குள் அவை ஒவ்வொன்றாக டியூக்குகளின் கைக்கும் அரசர்களின் கைக்கும் போய்விட்டன. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். நம் நாட்டிலும் இதேபோல நடந்திருக்கிறது என்பதால்தான் இங்கே அதைப் பேச வந்தேன். அந்தக் கதையோடு தொடர்புள்ள இடங்களில் ஒன்று இந்தக் காலனியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது.

முதலில் இந்த நகருக்குப் பெயர் தந்த ராணி லக்ஷ்மிபாய். அவருடைய கணவர், ஜான்சி அரசர் கங்காதர ராவ், 1853 நவம்பர் 21ஆம் தேதி காலமானார். முந்தின நாள்தான் உறவுக்காரப் பையன் ஒருவனைச் சுவீகாரம் எடுத்து, தாமோதர ராவ் என்று பெயர் சூட்டியிருந்தார். சடங்கில் குறை ஏதும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளே உடனிருந்தார்கள். ஆனாலும் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி அந்தப் பிள்ளையை வாரிசாக ஏற்கவில்லை. 1854இல் ஜான்சி கம்பெனியோடு சேர்ந்தது. பிறகு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதே குளிர்காலத்தில், 1853 டிசம்பரில், நாக்பூரின் போன்ஸ்லே அரசர் மூன்றாம் ரகுஜியும் மகன் இல்லாமல் இறந்தார். பெற்ற மகன் இல்லாத நாடு கம்பெனிக்கே என்ற அதே சட்டத்தைச் சொல்லி 1854இல் நாக்பூரையும் எடுத்துக்கொண்டார்கள். நாக்பூரோடு அதன் கீழிருந்த சத்தீஸ்கர் ஜமீன்களும் கம்பெனியிடம் வந்தன. அவற்றில் ஒன்று நாந்த்காவ். அந்த ஜமீனை ஆண்டவர்கள் பைராகிகள், வைணவத் துறவிகள். தலைமுறை தலைமுறையாக அங்கே பெற்ற மகன் பட்டத்துக்கு வந்ததே கிடையாது. குரு போனால் சீடன்; அந்தச் சீடன் போனால் அவனுடைய சீடன். டல்ஹௌசியின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு மகந்தும், அதாவது மடத்தலைவரும், கண்மூடியபோதெல்லாம் அந்த ஜமீன் வாரிசில்லாமல் போயிருக்க வேண்டும். ஆனால் 1865இல் என்ன நடந்தது? அதே ஆங்கிலேயர் அந்த மகந்தைச் சிற்றரசர் என்று ஏற்றுச் சன்னது, அதாவது உரிமைப் பத்திரம், கொடுத்தார்கள். சுவீகாரம் எடுத்த பிள்ளையால் ராணி ஒருத்தி நாட்டை இழந்து பதினோரு ஆண்டுதான் ஆகியிருந்தது. சுவீகாரமே வழியாகக் கொண்ட ஒரு மடத்துக்கு நாடு கிடைத்துவிட்டது.

இடையில் 1857 வந்துபோனது என்பது இதற்கு ஒரு விடை. கலகத்துக்குப் பிறகு கானிங் பிரபு காலத்தில் சமஸ்தானங்களுக்குச் சுவீகார உரிமைச் சன்னதுகளை அள்ளிக் கொடுத்தார்கள். ஆனால் அது பாதி விடைதான். மீதிப் பாதிக்கு நாந்த்காவின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

பஞ்சாபிலிருந்து சால்வை வியாபாரம் செய்துகொண்டு ரத்தன்பூருக்கு வந்தவர் பிரகலாத தாஸ் என்ற பைராகி. காலம் 18ஆம் நூற்றாண்டு. துறவிக்கு வியாபாரம் எதற்கு என்று நாம் கேட்போம். அந்த நூற்றாண்டில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. வட இந்தியாவின் நெடுந்தூர வணிகத்தில் பெரும்பங்கு கோசாயிகள் என்ற சைவத் துறவிகள், பைராகிகள் கையில் இருந்தது. மிர்சாபூரின் பெரிய முதலாளிகளில் கோசாயிகளும் உண்டு. காரணம் எளிது. குடும்பஸ்தன் சேர்த்த பணம் அவன் காலத்துக்குப் பிறகு நான்கு மகன்களுக்கு நான்காகப் பிரியும். அடுத்த தலைமுறையில் பதினாறு. மடத்தின் பணம் பிரியாது, முழுசாக ஒரே சீடன் கைக்குப் போகும். தீர்த்த யாத்திரை போகிற பாதையெல்லாம் மடத்துக்கு ஆட்கள் இருப்பார்கள், சரக்கு வைக்க இடம் இருக்கும். கையில் ஆயுதமும் இருந்ததால் வழிப்பறிக்காரன் யோசிப்பான். கல்யாணம் இல்லை, வரதட்சிணை இல்லை, பாகப்பிரிவினை வழக்கு இல்லை. ஒரு வங்கிக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடைக்குமா!

சத்தீஸ்கர் ஜமீன்தார்களின் பாடு இதற்கு நேர் எதிர். போன்ஸ்லேவுக்குக் கட்ட வேண்டிய தகோலி, அதாவது கப்பம், ரொக்கமாகக் கேட்கப்பட்டது. காட்டு ஜமீனில் நெல் இருக்கும், அரக்கு இருக்கும், ரொக்கம் எங்கிருந்து வரும்? மகந்துகள் கடன் கொடுத்தார்கள், நிலம் அடமானம். கடன் திரும்பவில்லை, நிலம் வந்தது. பாண்டாதாவும் நாந்த்காவும் இந்த விதமாகத்தான் மடத்துக் கணக்கில் சேர்ந்தன. பக்கத்திலேயே சூயிகதான் என்ற இன்னொரு பைராகி நாடு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பர்போடி ஜமீன்தாரிடமிருந்து மகந்த் ரூப் தாஸ் பெற்ற பரகணாவில் தொடங்கியது அது. அதுவும் 1865இல்தான் சிற்றரசு ஆயிற்று. அது மொத்தமே 154 சதுர மைல். நாந்த்காவ் 871 சதுர மைல். 1901 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 1,26,000 பேர். நம் பக்கத்துப் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நாலில் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1865இல் சன்னது வாங்கியவர் மகந்த் காசி தாஸ். ராய்ப்பூர் போனவர்கள் அவர் பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்தைப் பார்த்திருப்பீர்கள். 1875இல் அவர் நிறுவியது, நாட்டின் பழைய அருங்காட்சியகங்களில் ஒன்று. ஆனால் அவர் செய்த பெரிய காரியம் வேறு. அவர் கல்யாணம் செய்துகொண்டார். 1879 முதல் பரம்பரை வாரிசு முறையை ஆங்கிலேயரும் ஒப்புக்கொண்டார்கள். 1883இல் அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த பலராம் தாஸ் அவருடைய சீடர் அல்ல, மகன். ஆட்சி கவிழவில்லை, ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை, கோவிலில் பூஜை நிற்கவில்லை, மகந்த் என்ற பட்டமும் அப்படியே இருந்தது. ஒரு கல்யாணப் பந்தலோடு மடம் வம்சமாகிவிட்டது.

பலராம் தாஸ் ராஜா பகதூர் ஆனார். 1890களில் அவர் ஊரில் பஞ்சாலை கட்டினார். அது கல்கத்தாவின் ஷா வாலஸ் கைக்குப் போய் பெங்கால் நாக்பூர் காட்டன் மில்ஸ் ஆயிற்று. 1920இல் தாகூர் பியாரேலால் சிங் தலைமையில் அந்த ஆலைத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம் சத்தீஸ்கர் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கங்களில் ஒன்று. சால்வை வியாபாரத்திலிருந்து லேவாதேவி, லேவாதேவியிலிருந்து நிலம், நிலத்திலிருந்து அரசு, அரசிலிருந்து ஆலை: ஐரோப்பாவின் எந்த ஆயர் நாட்டிலும் மூலதனம் இவ்வளவு ஒழுங்காக அடியெடுத்து வைத்ததில்லை என்றே நினைக்கிறேன். 1948இல் சமஸ்தானம் மத்திய மாகாணத்தோடு இணைந்தது. கடைசி அரசர் திக்விஜய் தாஸ் பெயரில் அரண்மனையிலேயே கல்லூரி வந்தது.     

இனி ஜெர்மனி.

டியூட்டானிக் வீரர் சபை என்று ஒன்று. சிலுவைப்போர் காலத்தில் பிறந்த துறவிப் படை. பிரம்மச்சரியம், வறுமை, கீழ்ப்படிதல் என்ற மூன்று விரதங்கள் எடுத்த போர்வீரர்கள். பால்டிக் கரையில் பிரஷ்யாவை வென்று அவர்களே ஆண்டுவந்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சபைத் தலைவர் ஆல்பர்ட், ஹோஹென்சோலர்ன் குடும்பத்துப் பிள்ளை. போலந்தோடு போர் நடத்திக் களைத்துப் போயிருந்தார். 1523இல் விட்டன்பெர்க் போய் மார்ட்டின் லூதரிடம் யோசனை கேட்டார். லூதர் சுற்றி வளைக்கவில்லை: சபையின் விதியை விட்டுவிடு, கல்யாணம் செய்துகொள், நாட்டை உலகியல் அரசாக்கிக்கொள் என்றார். 1525 ஏப்ரலில் கிராக்கோவில் போலந்து அரசர் முதலாம் சிகிஸ்மண்டின் முன் மண்டியிட்டு ஆல்பர்ட் பிரஷ்யாவின் டியூக் ஆனார். அடுத்த ஆண்டே டென்மார்க் இளவரசி டொரோதியாவை மணந்தார். அதே வழியில் 1561இல் லிவோனிய சபையின் கடைசித் தலைவர் கெட்லர் கூர்லாந்தின் டியூக் ஆனார். காசி தாஸுக்கு ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டு முன்னோடிகள் இவர்கள். ஆல்பர்ட்டின் அந்தக் குட்டி டியூக் நாடு பிற்பாடு பிராண்டன்பர்க்குடன் சேர்ந்து பிரஷ்ய அரசாக வளர்ந்து, 1871இல் ஜெர்மனியையே ஒன்றாக்கியது. ஒரு துறவியின் கல்யாணத்தில் இவ்வளவு இருந்தது.

எல்லா இடத்திலும் இது இவ்வளவு சுலபமாக நடந்துவிடவில்லை. 1555இல் ஆக்ஸ்பர்க் சமாதானத்தில் கத்தோலிக்கர்கள் உஷாராக ஒரு விதி வைத்தார்கள்: ஆயர் ஒருவர் மதம் மாறினால் அவர் மட்டும் போகலாம், நாடு போகாது, பதவியை விட்டுவிட வேண்டும். கொலோன் பேராயர் கெப்ஹார்ட் அதை மீறிப் பார்த்தார். ஆக்னெஸ் என்ற பிரபு குடும்பத்துப் பெண்ணை 1583இல் மணந்துகொண்டு, நாட்டையும் கையில் வைத்திருக்க முயன்றார். ஐந்தாண்டுப் போர் மூண்டது, கெப்ஹார்ட் தோற்றார். கொலோன் பேராயருக்குப் புனித ரோமப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இருந்தது. அதனால்தான் அந்தக் கல்யாணத்தை யாராலும் பொறுக்க முடியவில்லை. ஓரத்தில் கிடந்த பிரஷ்யாவில் நடந்தது நடுநாட்டில் நடக்காது.

கெப்ஹார்ட்டை விரட்டியவர்கள் மட்டும் துறவின் பக்கம் நின்றார்கள் என்று நினைக்க வேண்டாம். அவருக்குப் பதில் வந்தது பவேரியாவின் விட்டெல்ஸ்பாக் குடும்பத்துப் பிள்ளை. 1583 முதல் 1761 வரை, 178 ஆண்டுகள், கொலோன் பேராயர் பதவி அந்த ஒரு குடும்பத்தை விட்டு நகரவில்லை. ஆயருக்கு மகன் இருக்கக் கூடாது. அண்ணன் தம்பி பிள்ளைகள் இருக்கலாமே! பெரியப்பா உயிரோடு இருக்கும்போதே பிள்ளையைத் துணை ஆயராகத் தேர்ந்து வைத்துவிடுவார்கள், நம் ஆதீனங்களில் சின்னப்பட்டம் கட்டுவதைப்போல. பதவி காலியாகும்போது தேர்தலில் வேறு யார் பெயரும் எழாது. மருமக்கள் தாயம் கண்ட திருவிதாங்கூர்க்காரருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

முப்பதாண்டுப் போர் முடிந்து 1648இல் வெஸ்ட்பாலியா உடன்படிக்கை வந்தபோது கணக்குகள் ஒரேயடியாகத் தீர்க்கப்பட்டன. பிரேமன் பேராயர் நாடும் வெர்டன் ஆயர் நாடும் டியூக் நாடுகளாகி ஸ்வீடனுக்குப் போயின. மாக்டபர்க் பேராயர் நாடு டியூக் நாடாகி பிராண்டன்பர்க்குக்கு என்று எழுதினார்கள். அங்கே அப்போது ஆண்டுகொண்டிருந்தவர் இறந்தபிறகு, 1680இல்தான் அது நடப்புக்கு வந்தது. போரில் பட்ட கடனுக்கும் நஷ்டத்துக்கும் ஈடு வேண்டும். யாருடைய பரம்பரைச் சொத்தையும் தொடக் கூடாது. அப்படியானால் எடுக்கக்கூடியது வாரிசு இல்லாத சொத்துதான். ஆயருக்கு மகன் இல்லை என்பதால் வழக்குப் போட ஆளில்லை. டல்ஹௌசியின் சட்டத்துக்கு இது தூரத்து உறவு.

இவற்றில் எனக்குப் பிடித்தது ஆஸ்னாப்ரூக். அதைக் கத்தோலிக்கருக்குக் கொடுப்பதா, சீர்திருத்தச் சபைக்குக் கொடுப்பதா என்று முடிவாகவில்லை. முறைவைத்துக்கொண்டார்கள்: ஒரு தடவை கத்தோலிக்க ஆயர், அடுத்த தடவை பிரவுன்ஷ்வைக் குடும்பத்து இளவரசர். இந்த முறையில் 1764இல் அந்தக் குடும்பத்தவரான இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் மகன் பிரெடரிக் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பி அதிக நாள் ஆகவில்லை. தொட்டிலில் கிடந்த ஆயர்!

எங்கோ போய்விட்டோம், இனி தில்லிக்கு வருவோம். இங்கிருந்து அரவிந்தர் சாலையில் வடக்கே போனால் சப்தர்ஜங் கல்லறை வருகிறது. வாரக்கடைசியில் குழந்தைகளோடு போயிருப்பீர்கள். அவத்தின் நவாப், முகலாய வசீர் சப்தர்ஜங் 1754இல் இறந்தபின் மகன் சுஜா உத் தௌலா எழுப்பியது. சப்தர்ஜங் 1753இல் தன் பாதுஷா அகமது ஷாவுக்கு எதிராகவே படை எடுத்து, மாதக்கணக்கில் தில்லிக்கு வெளியே போர் நடத்தினார். அந்தப் போரில் அவர் நம்பியிருந்த தளபதி ஒரு சந்நியாசி, ராஜேந்திரகிரி கோசாயி. அந்த ஆண்டு ஜூனில் தில்லிச் சண்டையிலேயே அவர் செத்தார். வசீரின் ஊக்கம் அதோடு போயிற்று என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

இந்த ராஜேந்திரகிரி யார்? ஜான்சி வட்டாரத்து மோட் பகுதியைக் கைப்பற்றி, கோட்டை கட்டிக்கொண்டு ஆண்டவர். மராத்தியரின் ஜான்சி அதிகாரி நாரோ சங்கர் 1750 வாக்கில் அவரை அங்கிருந்து விரட்டினார். அந்த மராத்திய ஜான்சியின் வழித்தோன்றல்தான் பிற்பாடு லக்ஷ்மிபாயின் அரசு. அதாவது, கோசாயிகளின் ஆட்சியாக வளர்ந்திருக்கக்கூடிய ஒரு நிலம் அன்று மராத்தியர் ஆட்சிக்கு இடம் விட்டது. விரட்டப்பட்டவர் அலகாபாத் போனார். பங்கஷ் ஆப்கானியர் அலகாபாத் கோட்டையை முற்றுகையிட்டபோது தன் நாகா சாதுக்களோடு வெளியே பாய்ந்து பாய்ந்து அடித்தார். சப்தர்ஜங் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார், சஹாரன்பூர் பௌஜ்தார் ஆக்கினார். ராணியின் கதையில் இன்னொரு சாதுக் கூட்டமும் வருகிறது: 1858இல் குவாலியரில் அவர் உயிர் விட்டபோது உடலைக் காக்கச் சண்டையிட்டவர்கள் கங்காதாஸ் பெரிய சாலையின் சாதுக்கள். அதில் 745 பேர் மாண்டார்கள் என்பது அந்த மடத்தார் சொல்லும் கணக்கு.

ராஜேந்திரகிரிக்குப் பிறகு அவருடைய சீடர்கள் உம்ராவ்கிரி, அனூப்கிரி சகோதரர்கள் படையை ஏற்றார்கள். அனூப்கிரிக்கு ஹிம்மத் பகதூர் என்று பட்டம். 1764இல் பக்சரில் சுஜா உத் தௌலாவுக்காகக் கம்பெனியோடு போரிட்டுத் தொடையில் காயம் பட்டவர். பின்பு தில்லி பாதுஷாவுக்கு, மராத்தியருக்கு, கடைசியில் கம்பெனிக்கே. 1790களில் மராத்தியத் தளபதி அலி பகதூரோடு சேர்ந்து பந்தேல்கண்டைப் பிடித்தார். 1803 செப்டம்பர் 4ஆம் தேதி ஷாபூரில் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்: பந்தேல்கண்டைப் பிடிக்க அவர் உதவுவது, படையைப் பராமரிக்க 20 லட்சம் ரூபாய் வருமானமுள்ள நிலம் அவருக்கு. அந்த நிலம் நிலைத்திருந்தால் நாந்த்காவைப்போலப் பல மடங்கு பெரிய கோசாயி சமஸ்தானம் ஒன்று இந்திய வரைபடத்தில் இருந்திருக்கும். மறு ஆண்டு அவர் இறந்தார். கம்பெனி நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. குடும்பத்துக்குக் கான்பூர்ப் பக்கத்தில் ரஸ்தான் ஜாகிர் மட்டும் மிஞ்சியது.

அரை நூற்றாண்டு படை நடத்தியவருக்குக் கிடைக்காதது, வட்டிக்கு விட்டவருக்குக் கிடைத்தது. இதில்தான் என் வாதமே இருக்கிறது. அனூப்கிரியின் பலம் படை. படை தலைவனோடு கலையும். நாந்த்காவ் மகந்தின் பலம் கடன் பத்திரமும் நிலமும். அது ஆளை மாற்றிக்கொண்டே நிற்கும். மேலே இருக்கும் பேரரசு, கம்பெனியானாலும் புனித ரோமப் பேரரசரானாலும், சன்னது எழுதும்போது கேட்பது ஒன்றுதான்: நீ போனபின் இந்தக் காகிதத்துக்கு யார் பொறுப்பு? சீடன் என்று சொன்னால், எந்தச் சீடன், யார் தேர்ந்தெடுப்பது, மற்றச் சீடர்கள் ஒப்புவார்களா என்று நூறு கேள்வி. மகன் என்று சொன்னால் கேள்வி இல்லை. அதனால்தான் மேலிடம் எப்போதும் துறவியைக் கல்யாணத்தின் பக்கம் நகர்த்தியது. இதை நான் பக்தியின் வீழ்ச்சியாகப் பார்க்கவில்லை. யாக்ஞவல்கியரின் ஸ்மிருதி துறவியின் உடைமை நல்ல சீடனுக்கு என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது, சட்டம் இருந்தது. ஆனால் ‘நல்ல’ சீடன் யார் என்று ஆயுதமில்லாமல் தீர்க்க ஆள் இல்லை.

பூட்டானில் இதே சிக்கல் வேறு விதமாக வந்தது. அங்கே 1616இல் வந்து நாட்டை ஒன்றுசேர்த்த துறவித் தலைவர் ஷப்துருங் நவாங் நாம்கியால். அவருடைய வாரிசு அவருடைய மறுபிறவி. 1651இல் அவர் இறந்ததை அரை நூற்றாண்டு வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்றால் சிக்கல் எவ்வளவு பெரிது என்று பாருங்கள். 1907 டிசம்பர் 17இல் உக்யென் வாங்சுக் பரம்பரை அரசராக முடிசூடியதும், ஆங்கில அதிகாரி ஒருவர் அந்த விழாவில் உட்கார்ந்திருந்ததும் தற்செயல் அல்ல.

1803 என்ற ஆண்டை இன்னொரு தடவை பாருங்கள். அனூப்கிரி ஷாபூரில் கையெழுத்துப் போட்டது செப்டம்பரில். அதே ஆண்டு பிப்ரவரி 25இல் ஜெர்மன் பேரரசின் தூதுக்குழு எழுதிய தீர்மானம் ஏறக்குறைய மிச்சமிருந்த எல்லா ஆயர் நாடுகளையும் ஒரே காகிதத்தில் ஒழித்தது. ரைன் நதிக்கு இடக்கரையை நெப்போலியனின் பிரான்சு எடுத்துக்கொண்டது. அங்கே நிலம் இழந்த அரசர்களுக்கு ஈடு வேண்டும். மறுபடியும் கை நீண்டது வாரிசில்லாச் சொத்தின்மேல்தான். சுமார் முப்பது லட்சம் மக்களுக்கு ஒரே வருஷத்தில் ஆள்பவர் மாறினார்.

நம் தமிழ்நாட்டு ஆதீனங்கள் ஏன் சமஸ்தானம் ஆகவில்லை என்று யாராவது கேட்பீர்கள். தருமபுரம், திருவாவடுதுறை, திருப்பனந்தாள்: காவிரிக் கரையிலும் பொருநைக் கரையிலும் நிலம்; மகாசந்நிதானத்துக்குப் பட்டினப் பிரவேசம், பல்லக்கு, கொலு. உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்குச் சுப்பிரமணிய தேசிகரின் மடம் கிட்டத்தட்ட ஓர் அரசவையாகவே கண்முன் நிற்கும். ஆனால் படை நாயக்கரிடமும் மராத்தியரிடமும் பாளையக்காரரிடமும் இருந்தது. 1799இல் தஞ்சாவூரும் 1801இல் கர்நாடகமும் கம்பெனி கைக்கு வந்துவிட்டதால் இடைவெளியில் நுழைய நேரமும் இருக்கவில்லை. இவற்றைவிடப் பெரிய காரணம், நிலத்தில் பெரும்பகுதி மடத்துக்கு என்று இல்லாமல் கட்டளை என்ற பெயரில் கோவில் காரியத்துக்கு என்று எழுதப்பட்டிருந்தது. காசி தாஸைப்போலத் தருமபுரத்தில் ஒருவர் கல்யாணம் செய்துகொண்டிருந்தால், நிலம் மகனுக்குப் போயிருக்காது, பதவிதான் போயிருக்கும். மடாதிபதி உரிமையாளரா, தர்மகர்த்தாவா என்று நீதிமன்றங்கள் ஆண்டாண்டாகத் தலையைப் பிய்த்துக்கொண்டன. 1921இல் வித்யாவாருதி தீர்த்தர் வழக்கில் பிரிவி கவுன்சில் ஆங்கிலச் சட்டத்தின் பொருளில் அவர் டிரஸ்டி அல்ல என்றது. 1954இல் சிரூர் மடம் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் அவருடைய பதவியில் கடமையும் சொந்த நலனும் பின்னியிருக்கின்றன என்றது. 1927க்குப் பிறகு மேலே இருப்பது பேரரசர் அல்ல, அறநிலைய வாரியம்; இன்று அறநிலையத் துறை.

சீடனும் மகனும் ஒரு பக்கம். சாகாத வாரிசு ஒருவரும் இருக்கிறார். 1750 ஜனவரியில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா தன் வாளைப் பத்மநாபசுவாமியின் படியில் வைத்து, வென்ற நாடு முழுவதையும் தெய்வத்துக்கே எழுதிவைத்தார், திருப்படி தானம். ஜெர்மனியில் மடத்தை அரசாக்கிய காலத்தில் திருவிதாங்கூரில் அரசையே கோவிலாக்கினார்கள். பக்தியோடு கணக்கும் இருந்தது: தெய்வம் சாகாது, மகன் இல்லை என்று யாரும் அதன் நாட்டை எடுக்க முடியாது, எதிர்த்து நிற்பவன் பத்மநாபனையே எதிர்த்தவன். ஆனால் கையில் கிடைத்ததை எடுப்பவன் தெய்வத்திடமும் எடுப்பான். 1811 முதல் சில ஆண்டுகள் ரெசிடெண்டும் திவானுமாக இருந்த கர்னல் மன்றோ, திருவிதாங்கூர்க் கோவில்களின் நிர்வாகத்தையும் நிலத்தையும் அரசிடம் சேர்த்தார். கோவில் செலவை அரசு ஏற்பது என்று ஏற்பாடு.

எடுத்தவன் கடன்காரன் ஆகிறான். 1803இல் எடுத்த சொத்துக்காக ஜெர்மன் மாநிலங்கள் இன்றும் ஆண்டுதோறும் திருச்சபைகளுக்குப் பணம் கட்டுகின்றன, ஐம்பது கோடி யூரோவுக்கு மேல். ஒரு தொகையாகக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள் என்று 1919இல் வைமர் அரசியல் சட்டம் சொன்னது, 1949இல் புது அரசியல் சட்டமும் அதைச் சேர்த்துக்கொண்டது, இன்னும் தீரவில்லை. நம் அரசியல் சட்டத்திலும் அதற்கு இணையான ஒன்று உண்டு. 1956இல் ஏழாவது திருத்தத்தோடு சேர்ந்த 290அ பிரிவைத் திறந்து பாருங்கள்: கேரள அரசின் தொகுப்பு நிதியிலிருந்து ஆண்டுதோறும் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்கு, தமிழ்நாட்டின் தொகுப்பு நிதியிலிருந்து 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய், அந்த ஆண்டு நவம்பர் 1இல் நம்மிடம் வந்த பகுதிகளின், அதாவது கன்னியாகுமரி, செங்கோட்டைப் பக்கத்துக் கோவில்களுக்கு. சட்டமன்றம் ஓட்டெடுத்து மறுக்க முடியாத செலவு. இந்த அரங்கில் நிதி அமைச்சகத்திலும் தணிக்கைத் துறையிலும் கோப்பு புரட்டி ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறீர்கள். தொகை ஏறாமல் அப்படியே கிடப்பதைப் பார்த்து, விலைவாசிப்படி உயர்த்தச் சொல்லி யாராவது குறிப்பு எழுதியதுண்டா என்று தேநீர் வேளையில் எனக்குச் சொல்லுங்கள்.